கீற்றும் படிக்கட்டும்: தஞ்சை வட்டாரத்தில் கட்டடத் தீப்பாதுகாப்பின் கதை

காவிரிப் படுகையில் கட்டடத் தீயின் வரலாறு பெரும்பாலும் கீற்றின் வரலாறுதான். தென்னை மட்டையை நடுவில் பிளந்து, சில நாள் குளத்தில் ஊறப்போட்டு, ஓலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக முடைந்தால் கீற்று. மூங்கில் கட்டி, வரிச்சு பாவி, அதன்மேல் கீற்றை அடுக்கிக் கயிற்றால் இறுக்கினால் கூரை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மிகுதி. கீற்று முடைவது அங்கே பெண்களின் வீட்டுத்தொழில். மலிவு, குளிர்ச்சி, கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததால் ஏழையின் வீடு, டீக்கடை, நெல் கொட்டகை, கல்யாணப் பந்தல், சினிமாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் கீற்றின் கீழேயே நடந்தன. கூரை இற்றுப்போனால் முழுவதையும் பிரிக்காமல் பழையதன் மேலேயே புதுக் கீற்றைப் போட்டு மேய்ந்துவிடுவதும் உண்டு. மேலே புதிது, அடியில் பல வருடத்து ஓலை, மண்ணெண்ணெய் விளக்கின் கரி, ஒட்டடை. தீக்கு இதைவிட நல்ல இரை கிடையாது.

பருவமும் தீயின் பக்கமே நின்றது. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். இடையிலுள்ள நாலரை மாதம் ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும். மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய், ஊர் வழக்கில் புதாறு, ஒரத்தநாட்டுப் பக்கத்து மேட்டு நிலங்களை நெல் வயலாக்கியது. கோடையில் அதுவும் வறண்ட வாய்க்கால்தான். ஆக, வைக்கோல் போர் புதிதாக எழும்பி நிற்கும் மாதங்களும், கூரை சருகாகக் காயும் மாதங்களும், தண்ணீர் இல்லாத மாதங்களும் ஒன்றாகவே வந்தன. ஏரியிலும் குளத்திலும் மிஞ்சியிருப்பதும் கிணற்றில் ஊறுவதும்தான் தீயணைக்கும் நீர். மாசிக்குப் பிறகு ஊர்க்குளத்து நீரை வயலுக்கு இறைத்துவிடாமல் காத்தது ஆடுமாட்டுக்காகத்தான் என்றாலும், பங்குனி, சித்திரையில் கூரை பிடித்த நாளில் அந்த நீரே தெருவைக் காத்தது.

கூரை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஒரு தெளிவான முறை இருந்தது. எரிகிற வீட்டில் நீரை வீணாக்குவதில்லை. ஆட்களும் மாடுகளும் வெளியேறியாயிற்றா என்று பார்த்ததும் எல்லாரும் அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். நாலு பேர் அதன் கூரைமேல் ஏறி ஈரச் சாக்கை விரித்துக்கொண்டு, பறந்து வரும் கங்கை அடிப்பார்கள். தீ மிக நெருங்கிவிட்டால் அரிவாளால் கட்டுகளை அறுத்து, துறட்டியால் இழுத்து, அந்தக் கூரையையே தரையில் சரித்துவிடுவார்கள். எரியாத வீட்டைப் பிரிப்பது கொடுமையாகத் தோன்றலாம். தெருவில் ஓர் இடைவெளி விழுந்தால்தான் தீ நிற்கும் என்று பட்டறிவு சொன்னது. இன்றைய கட்டட விதிகள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விடச்சொல்லும் வெற்றிடமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதை முன்கூட்டியே விட்டுவைக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

இப்படிப்பட்ட தீயில் நெல் போகும், துணிமணி போகும், பெட்டியிலிருந்த பத்திரம் போகும், சில சமயம் கட்டியிருந்த மாடு போகும். படுத்த படுக்கையாயிருந்தவரும் தொட்டில் குழந்தையும் மாட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆனாலும் நடமாட முடிந்தவர் பெரும்பாலும் தப்பினார். காரணம் கட்டடத்தின் அமைப்பு. வீடு தரையில் இருந்தது. வாசல் நாலு அடியில் இருந்தது. கொல்லைப் பக்கம் இன்னொரு வழி இருந்தது. சுவர் தட்டியாக இருந்தால் உதைத்துக்கொண்டும் வெளியே வரலாம். எரிந்த குடிசைக்கு அரசு கொடுத்துவந்த நிவாரணத்தைப் பார்த்தாலும் அந்தத் தீயின் இயல்பு தெரியும்: வேட்டி, சேலை, அரிசி, கொஞ்சம் ரொக்கம், அவற்றோடு மண்ணெண்ணெய். புதுக் கூரை போட்டதும் அதன் கீழே விளக்கேற்ற வேண்டுமே என்று நினைத்திருப்பார்கள். உயிரிழப்பைவிட உடைமை இழப்பையே நினைத்து வகுத்த பட்டியல் அது.

கீற்று வேயாத கட்டடங்களும் இந்த வட்டாரத்தில் இருந்தன. அவை யாருடையவை என்பதே ஒரு சமூக வரைபடம். ஒரத்தநாட்டில் தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி 1802இல் தன் அன்புத் துணைவி முத்தம்பாள் நினைவாகக் கட்டிய சத்திரம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டது. அவர் பெயராலேயே ஊருக்கு முத்தம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது. தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக மராத்திய அரசர்கள் அமைத்த சத்திரங்களின் வரிசையில் அது ஒன்று. நாள்தோறும் பெருங்கூட்டத்துக்குச் சமைத்துப் போட்ட இடம் என்பதால் ஓயாமல் அடுப்பு எரிந்த கட்டடமும்கூட. கனத்த சுவர், நடுவே திறந்த முற்றம், கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் செருகிய தளம் என்ற அக்காலக் கட்டுமானம் தீயை ஓர் அறையோடு நிறுத்த வல்லது. புகை முற்றத்தின் வழியே மேலே போய்விடும். உள்ளே இருப்பவர் எந்த அறையிலிருந்தாலும் முற்றத்துக்கு வந்துவிடலாம். தீப்பாதுகாப்பு என்று யாரும் நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் கட்டியது தீக்கும் உதவியது. பிற்காலத்தில் அங்கே பள்ளியும் மாணவர் விடுதியும் நடந்தன. அக்கிரகாரத் தெருக்களும் மிராசுதார் வீடுகளும் ஓட்டுக்கு மாறியிருந்தன. சேரியும் குடியானத் தெருவின் கடைசி வீடுகளும் கீற்றிலேயே நின்றன.

சட்டம் முதலில் நகரத்துக்குத்தான் வந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், புல், ஓலை, பாய், துணி போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கூரையோ பந்தலோ வெளிச்சுவரோ போடுவதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும் என்றது. தஞ்சாவூரும் கும்பகோணமும் 1866 முதலே நகராட்சிகள். காகிதத்தில் பார்த்தால், 2004இல் கும்பகோணம் பள்ளியில் எரிந்த கூரைக்கு எண்பது வருடத்துக்கு முன்பே கடிவாளம் இருந்தது. நடைமுறையில் கீற்று எங்கும் இருந்ததால் எதையும் தனியாகப் பார்க்க முடியவில்லை. அனுமதி கேட்டுக் கூரை மேய்ந்தவர் அரிது. கேட்கவில்லையே என்று கேட்டவரும் அரிது.

கிராமத்தான் கண்ணுக்குத் தெரிந்த முதல் தீப்பாதுகாப்பு விதி சினிமாவோடு வந்தது. 1918ஆம் ஆண்டின் இந்தியத் திரைப்படச் சட்டம் படத்தைத் தணிக்கை செய்வதற்காக மட்டும் போட்டதல்ல; படம் காட்டும் இடத்தின் பாதுகாப்பும் அதன் நோக்கம். அக்காலப் படச்சுருள் நைட்ரோ செல்லுலோஸ். எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும்; தண்ணீரில் முக்கினாலும் எரியும். ஆகவே படம் காட்டும் அறை தீத்தாங்கும் பொருளால் தனியே கட்டப்பட வேண்டும், பார்வையாளர் பகுதியிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. 1955இல் சென்னை மாநிலம் தனக்கென்று சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, நிரந்தர அரங்கு, டூரிங் கொட்டகை என்று வகைபிரித்து உரிமம் கொடுத்தது. டெல்டாவின் டூரிங் கொட்டகைக்குக் கூரை கீற்று, தரை மணல், பக்கச் சுவர் இடுப்பளவு தட்டி. படம் ஓட்டும் அறைக்கு வெளியே சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். சிலவற்றில் மணல், சிலவற்றில் நீர். மணல் வாளியில் பீடித்துண்டு செருகிக் கிடந்தாலும் வாளி இருந்தது. உரிமம் காலாவதியாகும், தாசில்தார் வருவார், வாளியை எண்ணுவார் என்ற பயமும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அந்தப் பயம் வர வெகுகாலம் ஆயிற்று. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 1965இல் வந்தாலும், அதன்படி வந்த பார்வை பெரும்பாலும் கட்டடம் இடிந்து விழாமல் நிற்குமா என்பதிலேயே இருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா என்பது அதே அக்கறையோடு கேட்கப்படவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் நடந்ததை விபத்துகளின் வரிசையில் வைக்க முடியாது. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கியிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். அது கொலை, எந்தக் கட்டட விதியும் அதைத் தடுத்திருக்காது. ஆனாலும் கீற்றுக் குடிசையில் வாழ்வது என்பது தீவைப்பவன் தயவில் வாழ்வதுமாகும் என்பதை இந்தப் பகுதி அதற்குப் பிறகு மறக்கவில்லை. கூரையை மாற்றித் தா என்ற கோரிக்கை கூலி, நிலம் ஆகியவற்றோடு சேர்ந்தே எழுந்தது. 1981இல் தொடங்கிய லாப்டி என்ற நில உரிமை அமைப்பின் வழியே காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்றோருக்கு நிலத்தை வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல் செங்கல் வீடு கட்டும் வேலையிலும் இறங்கியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

உலகில் தீப்பாதுகாப்பு இரண்டு கிளைகளாக வளர்ந்தது. ஒன்று சொத்தைக் காப்பது: தீத்தாங்கும் சுவர், தானியங்கி நீர்த்தெளிப்பான், நீர்க்குழாய். ஆலைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து இதை வளர்த்தன. மற்றது ஆளைக் காப்பது. 1911 மார்ச் 25இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 தொழிலாளர்கள் இறந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. அதன் பிறகே அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1913இல் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்தது. 1927இல் கட்டட வெளியேறுவழி விதித்தொகுப்பு வந்தது. கட்டடம் எரிந்தால் எரியட்டும், அதற்குள் எல்லாரும் வெளியே வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது. இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து 1983, 2005, 2016 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி தீயைப் பற்றியது. ஆனால் அது பரிந்துரை நூல். மாநிலமோ நகராட்சியோ தன் விதியில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985இல் வந்தது.

டெல்டாவில் நிலைமை மோசமாக மாறியது இந்தச் சட்டங்கள் வந்த பிறகுதான் என்பது கவனிக்கத்தக்கது. 1980களில் சிமெண்டும் கம்பியும் சிற்றூர் வரை வந்தன. ஒரு தளம் கான்கிரீட்டில் எழும்பியதும் கையிலிருந்த பணம் தீர்ந்துபோகும். அதன்மேல் அடுத்த தளத்துக்குக் கீற்றுக் கொட்டகை போட்டுவிடுவார்கள். பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை, மண்டபத்துக்குச் சாப்பாட்டுக் கூடம், லாட்ஜுக்கு ஊழியர் தங்குமிடம். ஏறுவதற்கு ஒரே படி, அதுவும் கீழ்த்தளத்து வீட்டுக்காகக் கட்டியதுபோல் குறுகலானது. தரையிலிருந்தபோது மன்னித்துவந்த கீற்று, மாடிக்கு ஏறியதும் மன்னிக்கவில்லை. சுவர் இப்போது உதைத்தால் விழும் தட்டியல்ல. வாசல் நாலு அடியிலும் இல்லை.

முதல் பேரிடி தரையிலேயே விழுந்தது. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்கான யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பந்தல் கீற்று, உள்ளே ஓமகுண்டங்கள், சுற்றிலும் கோயில் மதில், கூட்டம் போய்வருவது பெரும்பாலும் கிழக்குக் கோபுர வாசல்கள் வழியே. கல்லாலான கோயில் எரியாது. அதன் பிரகாரம் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் வெட்டவெளி. கொன்றது சில வாரங்களுக்கென்று போட்ட தற்காலிகக் கட்டுமானம். அதற்கும் விதி இல்லாமல் இல்லை. தற்காலிகக் கட்டுமானங்களுக்கும் பந்தல்களுக்குமான இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 8758 என்ற ஆவணம் 1993லேயே திருத்தி வெளியிடப்பட்டிருந்தது. மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடாதே, கூரையைத் தாழ்த்தாதே, வழிகளை ஒன்றுக்கொன்று தள்ளி வை என்பவை அதன் சாரம். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் எரிந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். 1997 பிப்ரவரியில் ஒடிசாவின் பாரிபடாவில் பக்தர் மாநாட்டுக் கொட்டகைகள் எரிந்தன. தஞ்சைக்கு ஆறு நாள் கழித்து டில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். உப்ஹார் வழக்கு தலைநகரின் செய்தியாகிப் பல்லாண்டு நடந்தது. தஞ்சையைப் பற்றிய பேச்சு தெய்வக் குற்றமா, ஜெனரேட்டரா, வெடியா என்ற விவாதத்திலேயே கரைந்தது. பந்தலுக்கு எத்தனை வழி இருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 2004 ஜனவரி 23இல் திருவரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல், வீடியோ விளக்குக்கான மின் இணைப்பிலிருந்து தீப்பற்றி எரிந்தது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்றுக்கு அடியில் அலங்காரத் துணி கட்டியிருந்தால் தீ எப்படி நடக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்: துணி பற்றும், அது ஓலைக்குக் கொடுக்கும், ஓலை கயிற்றை எரிக்கும், கயிறு அறுந்ததும் மூங்கில் சட்டம் எரிந்தபடியே மொத்தமாகக் கீழே வரும். மூங்கிலின் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும் ஓசையைப் பட்டாசு என்றே பலர் நினைப்பார்கள். இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கூட்டம் ஒரே படிக்கட்டின் தலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது தலைக்குமேல் நடப்பது இது.

ஆறு மாதம் கூடக் கழியவில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவிலிருந்த தனியார் உதவிபெறும் பள்ளியில் மதிய உணவுக்காக அடுப்பு மூட்டிய சமையற்கூடத்தின் கூரையில் தீ பிடித்தது. காலை 11 மணிக்கு முன்பே அது மாடி வகுப்புகளின் கீற்றுக்குத் தாவிவிட்டது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். மாடியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள். இறங்குவதற்குக் குறுகிய, செங்குத்தான படிக்கட்டு. கூரை பிள்ளைகளின் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள். மதிய உணவைப் பழிப்பது அறமாகாது; 1956இல் காமராசர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தத் திட்டமே பல பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது ஒவ்வொரு பள்ளியின் நடுவிலும் தினமும் ஓர் அடுப்பை வைத்தது. அடுப்பு வந்த வேகத்தில் அதற்கான சுவரும் இடைவெளியும் வரவில்லை.

கும்பகோணத்துக்கு 46 ஆண்டு முன்னால், 1958 டிசம்பர் 1இல், சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளியில் 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அங்கே கீற்று இல்லை, செங்கல் கட்டடம். மூடப்படாத படிக்கட்டு புகைபோக்கியாகி, மேல்தளத்து நடைவழியைப் புகையால் அடைத்துவிட்டது. பொருள் வேறு, நாடு வேறு. மேல்தளத்திலிருந்து இறங்கும் வழி முதலில் பறிபோனது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

அந்த வழியின் அகலத்தைப் பொறியாளர் எப்படிக் கணக்கிடுகிறார் என்பதைப் பார்த்தால், கும்பகோணத்தில் இல்லாமல் போனது என்னவென்று எண்ணிக்கையிலேயே தெரியும். 2005ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் வெளியேறுவழியின் அலகு 50 செ.மீ.; ஒரு நேரத்தில் ஓர் ஆள் இறங்கும் அகலம். 25 செ.மீ. அரை அலகு, அதற்குக் கீழே இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளியில் ஓர் அலகுப் படிக்கட்டுக்கு 25 பேர். பள்ளிப் படிக்கட்டு 1.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது மூன்று அலகு, 75 பேர். மாடியில் 200 பிள்ளைகள் இருந்தால் எட்டு அலகு, 4 மீட்டர் படிக்கட்டு வேண்டும். அதை ஒரே இடத்தில் அகலமாகக் கட்டுவதில் பயனில்லை. ஒன்று புகையில் மூழ்கினால் மற்றது திறந்திருக்கும்படி தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும். எந்த மேசையிலிருந்தும் 30 மீட்டர் நடப்பதற்குள் ஒரு வழி வந்துவிட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கூட்டம் முட்டிக்கொண்டு வரும்போது உட்பக்கம் இழுக்கும் கதவு சுவரைப்போல் ஆகிவிடும். 2016 பதிப்பு இந்த அலகு முறையை விட்டுவிட்டு ஆளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்குக்கு மாறியது, கருத்து அதேதான். இதில் எதற்கும் மின்சாரமோ வெளிநாட்டுக் கருவியோ தேவையில்லை. செங்கல்லும் ஒரு கொத்தனாரும் வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்த ஓர் அதிகாரியும் போதும்.

கும்பகோணம் தீக்குப் பின் தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை அகற்ற அரசு உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பல ஊர்களில் சில வாரங்களிலேயே கூரைகள் பிரிக்கப்பட்டு, மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பு நடந்தது. இந்தத் தீயை முன்வைத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பள்ளிகள் கட்டட விதித்தொகுப்பின்படி இருக்க வேண்டும், தீயணைப்பான் வைக்க வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும் என்றது. பரிந்துரையாகக் கிடந்த நூல் பள்ளிகளைப் பொறுத்தவரை கட்டளையானது இப்படித்தான். குற்ற வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30இல் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. 2017இல் உயர் நீதிமன்றம் பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையைக் கழித்த காலத்தோடு நிறுத்தி, வேறு சிலரை விடுவித்தது.

கீற்று பள்ளியை விட்டுப் போனதோடு அதன் சந்தையும் சுருங்கியது. தகரமும் ஃபைபர் ஷீட்டும் டீக்கடை வரை வந்துவிட்டன. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்தபோது முடைவதற்கு மட்டையே இல்லாமல் போனது. கல்யாணப் பந்தல் துணிக்கு மாறியது. பாதுகாப்பு கூடிவிட்டது என்று நினைத்துவிட முடியாது: செயற்கை இழைத் துணி உருகிச் சொட்டும், தெர்மோகோல் அலங்காரம் நச்சுப் புகை விடும். டப்வாலியில் எரிந்ததும் செயற்கைத் துணிதான். வைக்கோலும் இடம் மாறியது. இயந்திரம் கட்டிய வைக்கோல் கட்டுகள் போராக ஊரில் நிற்காமல் லாரியில் ஏறி வெளியூர் போகின்றன. தாழ்ந்த மின்கம்பி உரசி நடுச்சாலையில் எரியும் வைக்கோல் லாரி இப்போது டெல்டாக் கோடையின் வழக்கமான செய்தி.

பெரிய கோயிலின் அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5இல் நடந்தது. இந்த முறை யாகசாலை மதிலுக்குள் போடப்படவில்லை. கோயிலுக்கு வெளியே பெத்தண்ணன் கலையரங்கத் திடலில் அமைத்தார்கள்.

குடிசைகளை ஒழிப்பது தனித் திட்டமாகவே நடந்துவருகிறது. 2010இல் அறிவித்த கலைஞர் வீட்டுவசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டில் கான்கிரீட் வீடாக்க நினைத்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் திட்டமும் மாறியது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்து, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. சமையலறை உட்பட 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும் கூரையைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.